பால் கணக்கு

வாஷிங்டன் நகரத்தில் வேளாங்கண்ணி மாதா இருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாமனாருக்கு எப்படிப் பொழுது போக்குவது என்பது அமெரிக்காவில் உள்ள மாப்பிள்ளைமாருக்கெல்லாம் பெரிய பிரச்னை. லிங்கன் மண்டபம், வெள்ளை மாளிகையின் வேலி, பொருட்காட்சிச் சாலைகள் எல்லாம் முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டன. இது ஏதோ நான்காவது வாரத்து யுக்தி என்று நினைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

உண்மையாகவே இருந்தாள். நகரத்தின் வடகிழக்கு மூலையில், நீலக் கும்பமும் நெடிய மணிக்கூண்டுமாக ஒரு பிரம்மாண்டமான தேவாலயம். பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் தங்கள் ஊர் மாதாவுக்கு அதற்குள் ஒரு மாடம் அமைத்திருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டில் நம் ஆரோக்கிய மாதாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. கும்பிட்டேன். நான் கத்தோலிக்கன் அல்ல. ஆனால் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவனுக்கு மாதாவைக் கும்பிடுவதற்கு மதம் மாற வேண்டிய அவசியம் கிடையாது.

வெளியே வந்தால் பக்கத்திலேயே ஒரு பழைய கல் கட்டிடம். என்ன அது என்று கேட்டேன். மாப்பிள்ளை கைப்போனைத் தட்டிப் பார்த்து, "கால்டுவெல் ஹால், மாமா" என்றார்.

தமிழனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இடையன்குடிதான் ஞாபகம் வரும். அந்தப் பாதிரியாருக்கும் இந்தக் கட்டிடத்துக்கும் சம்பந்தமில்லை. மேரி க்வெண்டலின் கால்டுவெல் என்ற பணக்காரப் பெண்மணி மூன்று லட்சம் டாலர் கொடுத்ததனால் ஆரம்பமானது அமெரிக்கக் கத்தோலிக்கச் சர்வகலாசாலை. 1889இல் அது திறக்கப்பட்டபோது இதுதான் அதன் முதல் கட்டிடம். (அந்த அம்மாளே பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகிவிட்டார் என்பது வேறு கதை.) ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் என் கால்கள் நின்றுவிட்டதற்குக் காரணம் இடையன்குடியும் அல்ல, மூன்று லட்சம் டாலரும் அல்ல. 1968ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி இரவு, இந்தக் கட்டிடத்தில் சில பேராசிரியர்கள் கூடி உட்கார்ந்தார்கள். அவர்கள் அந்த ஒரே இரவில் செய்த காரியத்தைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன்பு படித்திருந்தேன். படித்ததைச் சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த உறுத்தல்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

கர்ப்பத்தடை கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய போதனை. 1930ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்துச் சபையின் பிஷப்புகள் லாம்பெத்தில் கூடிச் சில சந்தர்ப்பங்களில் அதை அனுமதிக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த வருஷக் கடைசி நாளன்று போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் ஒரு நிருபம் எழுதி, அது பெரும் பாவம் என்று மறுபடியும் ஆணி அடித்துவிட்டார். ஆனால் இயற்கையாகவே கரு தரிக்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்வதில் பிழையில்லை என்பதைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் மருத்துவச்சிகளிடம் பேசும்போது தெளிவுபடுத்தினார். ஆக, மாத்திரை கூடாது, காலண்டர் கூடும். 1960இல் அமெரிக்காவில் மாத்திரை கடைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் ராக் என்ற டாக்டர் நாள் தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். இயற்கை தரும் ஓய்வு நாட்களைத்தானே மாத்திரை நீட்டித் தருகிறது, இதில் என்ன பாவம் என்று அவர் 1963இல் புத்தகமே எழுதினார்.

அதே 1963இல் இருபத்து மூன்றாம் அருளப்பர் ஆறே ஆறு பேரை வைத்து ஒரு கமிஷன் போட்டார். அவர் காலமானபின் ஆறாம் சின்னப்பர் அதை விஸ்தரித்துக்கொண்டே போனார். டாக்டர்கள், வேதசாஸ்திரிகள், பிஷப்புகள், கடைசியில் கல்யாணமான தம்பதிகளும்கூட! சிக்காகோவிலிருந்து வந்த க்ரௌலி தம்பதி, ஊர் ஊராகக் கத்தோலிக்கக் குடும்பங்களிடமிருந்து கடிதங்கள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நாள் பார்த்து நடக்கிற முறை எங்கள் தாம்பத்தியத்தை எப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்று பயபக்தியுள்ள மனைவிமார் எழுதிய கடிதங்கள். பிரம்மச்சாரிகள் அவற்றைப் படித்தார்கள். படித்தவர்களில் பலர் மனம் மாறினார்கள் என்பதுதான் விசேஷம். 1966இல் கமிஷன் முடிவுக்கு வந்தபோது மிகப் பெரும்பான்மையோர் போதனையை மாற்றலாம் என்ற பக்கமே இருந்தார்கள். பிஷப்புகளின் வோட்டில்கூட 9 பேர் கர்ப்பத்தடை தன்னளவிலேயே தீமை அல்ல என்றார்கள்; தீமைதான் என்றவர்கள் 3 பேர்; 3 பேர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சிறுபான்மையினரை லேசாக நினைத்துவிடக்கூடாது. அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது. இப்போது மாற்றினால், 1930இல் பரிசுத்த ஆவி ரோமாபுரியை விட்டுவிட்டு லாம்பெத்தில் போய் உட்கார்ந்திருந்தது என்றல்லவா ஆகும்? இத்தனை காலம் நாம் பாவம் என்று சொல்லி மிரட்டிய ஜனங்களுக்கு என்ன பதில்? ஒரு ஸ்தாபனத்துக்கு உள்ளேயிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும். ஆறாம் சின்னப்பர் இரண்டு வருஷம் தூங்காமல்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு வருஷத்தில் பொன்மலையில் என்ன நடந்தது?

எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டி அடுத்த வீட்டு அக்கா இருந்தாள். புருஷன் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஐந்து குழந்தைகள். அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கோவிலில் கொடுக்கிற காலண்டர் தொங்கும். அதில் சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் பால்காரன் வராத நாட்களுக்கு அம்மா அப்படித்தான் வட்டம் போடுவாள். நான் ஒன்பது வயதுப் பையன். "என்னக்கா, உங்க பால்காரன் மாசத்தில் பாதி நாள் வர்றதில்லையா?" என்று கேட்டேன். அக்கா முகம் சிவந்து சிரித்தாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் அடித்தாள் என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

ஐந்தாவது பிரசவத்தில் அக்கா பிழைத்ததே மறுபிறப்பு. இனிமேல் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். நல்ல மனிதர். அவர் கோபிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "கொஞ்சம் பொறும்மா, ரோமாபுரியில் கமிஷன் உட்கார்ந்திருக்கு. நல்ல பதில் வரும்னு பெரியவங்க பேசிக்கிறாங்க" என்றாராம். அக்கா பொறுத்தாள். காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டு 1967 முழுவதும் பொறுத்தாள். பொன்மலைச் சமையலறை ஒன்றில் ரோமாபுரிக் கமிஷனுக்காக ஒருத்தி காத்திருந்தாள் என்பது எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இராது.

வாஷிங்டனில் அந்த 1967இல் வேறொரு காட்சி. சார்லஸ் கரன் என்ற இளம் பாதிரியார், ரோமாபுரியில் படித்துவிட்டு வந்து, இந்தச் சர்வகலாசாலையில் ஒழுக்க சாஸ்திரம் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் போதனையை மறுபடி ஆராய வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்த ஆசாமி. ஏப்ரல் மாதம் நிர்வாகிகள் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள், காரணம் சொல்லவில்லை. உடனே வேதசாஸ்திரப் பகுதி ஆசிரியர்கள் வகுப்பு எடுக்க மாட்டோம் என்றார்கள். பிறகு சர்வகலாசாலை ஆசிரியர்கள் எல்லோரும் கூடி வோட்டுப் போட்டார்கள். வேலை நிறுத்தத்துக்கு ஆதரவு 400, எதிர்ப்பு 18! ரசாயனம் கற்பிக்கிறவரும் நாடகம் கற்பிக்கிறவரும் ஒரு பாதிரியாருக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 20 தொடங்கி 24 வரையில் சர்வகலாசாலை ஸ்தம்பித்தது. 24ஆம் தேதி மாலை நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள்; கரனுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. மாணவர்கள் கொண்டாடினார்கள். வெற்றி இவ்வளவு சுலபம் என்று அந்த வயதில் யாருக்குத்தான் தோன்றாது?

1968 ஜூலை 29ஆம் தேதி ரோமாபுரியின் பதில் வெளியாயிற்று. 'மனித உயிர்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களோடு ஆரம்பிக்கும் நிருபம். கமிஷனின் பெரும்பான்மையை ஆறாம் சின்னப்பர் ஏற்கவில்லை. பழைய போதனையே நிலைத்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: அதைப் பத்திரிகைக்காரர்களிடம் வெளியிட்ட ரோமாபுரிக் குருவே, இது தவறா வரம் பெற்ற பிரகடனம் அல்ல என்று சொன்னார். வாஷிங்டனில் இருந்தவர்கள் அந்த ஓர் இழையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த கரன் விமானம் ஏறி ஓடி வந்தார். மாலையில் நிருபத்தின் பிரதி கைக்குக் கிடைத்தது. கால்டுவெல் ஹாலில் படித்தார்கள், விவாதித்தார்கள், ஓர் அறிக்கை எழுதினார்கள். பிறகு டெலிபோனை எடுத்துத் தேசம் முழுவதும் உள்ள வேதசாஸ்திரிகளை நடுநிசியில் எழுப்பினார்கள். விடிந்து மேபிளவர் ஹோட்டலில் பத்திரிகைக்காரர்கள் முன் கரன் அறிக்கையைப் படித்தபோது அதில் 87 கையெழுத்துக்கள். நாளடைவில் அது 600க்கு மேல் போயிற்று. அறிக்கையின் சாரம் இதுதான்: போப்பாண்டவரிடம் எங்களுக்கு மரியாதை உண்டு; ஆனால் தவறா வரத்தோடு சொல்லப்படாத போதனையிலிருந்து, தக்க காரணம் இருந்தால், கத்தோலிக்கன் மாறுபடலாம் என்பது திருச்சபையில் புதிதல்ல; ஆகவே தம்பதிகள் தங்கள் மனச்சாட்சியின்படி, சில சந்தர்ப்பங்களில் கர்ப்பத்தடை அனுமதிக்கத் தக்கது, அவசியமும்கூட என்று பொறுப்போடு தீர்மானிக்கலாம்.

மணவாழ்க்கையை முழுமையாக எடைபோடாமல் ஒவ்வொரு உடற்செயலையும் தனித்தனியே தராசில் வைப்பது சரியா என்பது அவர்கள் வாதம். வட்டி வாங்குவதையும் ஒரு காலத்தில் திருச்சபை பாவம் என்றுதானே சொல்லிற்று? ஜான் நூனன் என்ற சட்டப் பேராசிரியர் வட்டியின் சரித்திரத்தையும் எழுதியவர், கர்ப்பத்தடையின் சரித்திரத்தையும் எழுதியவர். கமிஷனுக்கு யோசனை சொன்னவர். ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

நீண்ட நிருபத்தை ஒரே ராத்திரியில் படித்து ஒரே ராத்திரியில் மறுப்பதாவது, இது என்ன அவசரம் என்று அவர்களைக் குறைகூறினார்கள். முதலில் படித்தபோது எனக்கும் அது நெருடியது. போப்பாண்டவர் இரண்டு வருஷம் யோசித்ததற்கு, இவர்கள் இரண்டு நாளாவது யோசித்திருக்கக் கூடாதா? ஆனால் அவர்கள் சொன்ன பதிலில் ஒரு நியாயம் இருந்தது. காலையில் பத்திரிகையைப் பிரித்து, 'இனி இந்தத் திருச்சபையில் நமக்கு இடமில்லை' என்று ஒரு தம்பதி முடிவு செய்துவிட்டால், ஆறு மாதம் கழித்து வருகிற ஆராய்ச்சிக் கட்டுரை அவர்களுக்கு எதற்கு?

நிருபத்தின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தடையை நியாயமென்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு அரசாங்கங்கள் அதை ஜனங்கள் மேல் பலவந்தமாகத் திணிக்கும் என்று ஆறாம் சின்னப்பர் அதில் எச்சரித்திருந்தார். அதைப் படித்து மேல்நாட்டில் பலர் சிரித்திருக்கலாம். நம்மால் சிரிக்க முடியாது. எட்டே வருஷத்தில், 1976 நவம்பரில், ஹரியானாவில் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவசர நிலைக் காலத்தில் சர்க்கார் சிப்பந்திகளுக்கு ஆள் பிடிக்கும் கணக்குக் கொடுத்தார்கள். மனச்சாட்சி என்ற ஒன்று மனிதனுக்கு உண்டு என்பதை ரோமாபுரி மறந்த விதம் ஒன்று. டில்லி மறந்த விதம் வேறொன்று. அக்காவுக்கு இரண்டாலும் உபயோகமில்லை.

வாஷிங்டனுக்கு மேற்றிராணியாராக இருந்த கர்தினால் ஒபாயல்தான் அந்தச் சர்வகலாசாலைக்கும் தலைவர். நிருபத்தை முழுமனதோடு ஏற்காத தம் குருக்களில் சுமார் 40 பேரை அவர் தண்டித்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கக்கூடாது என்று சிலரைத் தடுத்தார். 1971இல் ரோமாபுரியே தலையிட்டுச் சமரசம் செய்து வைத்தபோது அவர்களில் பலர் குருப்பட்டத்தையே விட்டுப் போய்விட்டிருந்தார்கள். பேராசிரியர்கள் விஷயம் வேறுவிதமாகப் போயிற்று. சர்வகலாசாலையில் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து, 1969இல், அவர்கள் ஆசிரியர் என்ற பொறுப்பின் எல்லையை மீறவில்லை என்று முடிவு சொல்லிற்று. கரன் தொடர்ந்து கற்பித்தார். ஆறாம் சின்னப்பர் அதன் பிறகு பத்து வருஷம் உயிரோடிருந்தார். ஆனால் இன்னொரு நிருபம் எழுதவேயில்லை.

அக்காவின் ஆறாவது குழந்தை 1969இல் பிறந்தது. தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அம்மா கடைசிவரை முழுசாகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே அக்கா யாரையும் கேட்காமல் ஆப்பரேஷன் செய்துகொண்டுவிட்டாள். இந்தத் தடவை அவள் சாமியாரிடம் போகவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசைக்கு அவள் பிள்ளைகளோடு நானும் போயிருந்தேன். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனார்கள். பெண்கள் பக்கத்தில் அக்கா மட்டும் கடைசிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வருஷம் குழந்தை நடந்து போயிற்று, அக்கா உட்கார்ந்தேயிருந்தாள். சாவான பாவம் செய்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக்கூடாது. போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று அம்மா ஒருநாள் கேட்டிருக்கிறாள். "செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு சொல்லணுமே, எனக்கு வருத்தமில்லையேம்மா, சாமிகிட்டப் போய் எப்படிப் பொய் சொல்றது?" என்றாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை.

1978இல் போப்பாண்டவரான இரண்டாம் அருள் சின்னப்பர் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. 1979இலேயே ரோமாபுரியிலிருந்து கரனுக்குக் கேள்விகள் வர ஆரம்பித்தன. விசுவாசக் கோட்பாட்டுச் சபையின் தலைவராயிருந்த கர்தினால் ராட்சிங்கரை 1986 மார்ச்சில் கரன் நேரிலேயே போய்ப் பார்த்தார். துணைக்குப் போனவர் அவருடைய பழைய குரு, ஹேரிங் பாதிரியார். கரன் ஒரு சமரசமும் சொல்லிப் பார்த்தார்: 'பாலொழுக்கம் பற்றி இனி வகுப்பு எடுக்கவில்லை, கத்தோலிக்க வேதசாஸ்திரி என்ற பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.' நடக்கவில்லை. கத்தோலிக்க வேதசாஸ்திரம் கற்பிக்க அவர் தகுதியுடையவர் அல்லர் என்று தீர்ப்புக் கடிதம் வந்தது. அதில் போட்டிருந்த தேதி ஜூலை 25. பதினெட்டு வருஷத்துக்கு முன் நிருபத்தில் போட்டிருந்த தேதியும் ஜூலை 25தான். வேண்டுமென்றே செய்தார்களோ, தற்செயலோ! கதையில் நான் இப்படி எழுதியிருந்தால் ஜோடனை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

1987 ஜனவரியில் அவரைச் சர்வகலாசாலை விலக்கி வைத்தது. வழக்குப் போட்டார், 1989இல் தோற்றார். சர்வகலாசாலை ரோமாபுரியோடு பிணைந்த ஸ்தாபனம், அந்தப் பக்கம் நிற்க அதற்கு உரிமை உண்டு என்று கோர்ட் சொல்லிவிட்டது. இந்தத் தடவை 400 பேர் தெருவில் இறங்கவில்லை. இருபது வருஷத்தில் காற்று திசை மாறியிருந்தது. பிறகு மூன்று சர்வகலாசாலைகளில் ஓரிரு வருஷங்கள் இருந்துவிட்டு, 1991இல் டெக்ஸாஸில் மெதடிஸ்ட்காரர்கள் நடத்திய சர்வகலாசாலைக்குப் போய், 2014 வரை கற்பித்தார். குருவாகவே இருந்தார். எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. நிருபமும் மாறவில்லை. 2018இல் ஆறாம் சின்னப்பரைத் திருச்சபை புனிதர் ஆக்கியது.

கரனைப் பற்றி நான் முதன்முதலில் படித்தது 1986 கடைசியில், பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகையில். அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அக்கா நினைவுதான். கத்தோலிக்கப் பாதிரிமார்களிலேயே, பேராசிரியர்களிலேயே, 600 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, 'உன் மனச்சாட்சிப்படி செய்ததற்கு நீ தள்ளி உட்கார வேண்டியதில்லை' என்று சொல்லியிருக்கிறார்கள், 1968லேயே சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாது. பொன்மலையில் யாருக்குத் தெரியும்?

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் எல்லோரும் பெரியவர்களாகி வேலைக்கும் கல்யாணத்துக்குமாகப் பிரிந்து போயிருந்தார்கள். அக்கா காப்பி கொண்டு வந்தாள். சமையலறைச் சுவரில் அந்த வருஷக் காலண்டர், ஒரு கோடுகூட இல்லாமல் சுத்தமாகத் தொங்கியது. என்னவென்று ஆரம்பிப்பது? நான் வேற்று மதத்தான். இது அவளும் அவள் சாமியும் பதினேழு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விஷயம். நடுவில் நான் யார், அமெரிக்கப் பத்திரிகைத் துண்டோடு? அந்த 600 பேரையே ரோமாபுரி தகுதியில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டதே, அதையும் சேர்த்துச் சொல்வதா, விட்டுவிடுவதா? காப்பி ஆறிக்கொண்டிருந்தது. என் கை இரண்டு தடவை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். "பையில என்ன தம்பி?" என்றாள்.

"ரயில் டிக்கெட், அக்கா" என்றேன்.

"பத்திரம், தொலைச்சுடாதே" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். 1991இல் அவள் காலமானாள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். தகவல் வந்து சேர்ந்தது அடக்கமெல்லாம் ஆன பிறகு.

"மாமா, உள்ளே போய்ப் பார்க்கணுமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். கால்டுவெல் ஹால் கதவு மூடியிருந்தது. வேண்டாம் என்றேன். திரும்ப ஒரு தடவை மாதாவிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியேறினேன்.